கடைக்காய், வீட்டுக்காய்

ஜூன் 9, திங்கள்

மிருதுளா என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று தினமும் எழுதிவைக்கும்படி குழந்தை டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். விதைக் கடையில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

காலையில் பள்ளியில் பிரார்த்தனைக்கு நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அதே பள்ளியின் அலுவலகத்தில்தான் என் மனைவி சுகந்திக்கு வேலை. அவள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஆறு. பதினொன்றரையாவது இருக்க வேண்டுமாம்.

“காய், கீரையெல்லாம் சாப்பிடறாளா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“தொடவே மாட்டாளுங்க. தயிர்ச்சோறு, அப்பளம், உருளைக்கிழங்கு. அவ்வளவுதானுங்க” என்றாள் சுகந்தி.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன தொழில்?”

“காய்கறிக் கடைங்க. கோபி மார்க்கெட்ல மகுடீஸ்வரன் கடைன்னா எல்லாருக்கும் தெரியுமுங்க.”

அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

இரண்டு மாதம் டானிக். ஆகஸ்ட் இரண்டாம் தேதி மறுபடி ரத்தப் பரிசோதனை. ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்ற வேண்டும். “டானிக் பாதி வேலைதான் செய்யும். சாப்பாடு மாறலைன்னா திரும்ப இதே நாற்காலியில வந்து உக்காருவீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் பேசிவிட்டேன். “மார்க்கெட்டே நம்ம கையில இருக்குது. ஒத்தப் புள்ளைக்கு ஊட்டத் தெரியலையே உனக்கு!”

சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். “சரிங்க. நாளையிலருந்து நீங்களே சமைச்சு ஊட்டுங்க. சாயங்காலக் கடைய நான் பாத்துக்கறேன்.”

ஒத்துக்கொண்டேன். இந்த ஊரில் பாதி அடுப்புகளுக்கு என் கடைக் காய்தான் போகிறது. என் பிள்ளையைச் சாப்பிட வைப்பதா பெரிய காரியம்?

இரவு: தயிர்ச்சோறு, அப்பளம் மூன்று.

ஜூன் 10, செவ்வாய்

கழிசல் கூடையிலிருந்து கத்திரிக்காய் கொண்டுவந்தேன். நாள் முழுக்கக் கை பட்டு வாடியது, ஓரத்தில் புழு கடித்தது, அழுத்தினால் குழிவது எல்லாம் கடை மூடும்போது அந்தக் கூடைக்குப் போகும். கெட்டதை வெட்டி எறிந்துவிட்டால் மீதி காய்தானே. எங்கள் வீட்டில் காய் வீணானதும் இல்லை, கடையில் சொத்தையைத் தள்ளிவிட்டதாக ஒருத்தர் சொன்னதும் இல்லை. இரண்டிலும் எனக்குப் பெருமைதான்.

நன்றாக எண்ணெய் விட்டு வதக்கினேன். மிருதுளா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

“வேண்டாமுங்ப்பா.”

கெஞ்சினேன். ஒரு துண்டை வாயில் வைத்துக் கால் மணி நேரம் கன்னத்திலேயே ஒதுக்கி வைத்திருந்தாள். பிறகு எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

இரவு: தயிர்ச்சோறு. எனக்கு வழக்கம்போல முட்டைப் பொரியல்.

ஜூன் 12, வியாழன்

பீட்ரூட்டை அரைத்துத் தோசை மாவில் கலந்து சுட்டேன். ரோஸ் கலர் தோசை. “இது ராசகுமாரி தோசை அம்மிணி” என்றேன். மோந்து பார்த்துவிட்டு, “மண்ணு வாசம் அடிக்குதுங்ப்பா” என்றாள். உண்மைதான், கொஞ்சம் அடித்தது. ஐந்து தோசையும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போயின.

ஜூன் 15, ஞாயிறு

சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். ஒரு வாய் காய்க்கு ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் சைக்கிளுக்கு மணி. முதல் நாளே ஒரு நட்சத்திரம் வாங்கினாள். வென்றுவிட்டேன் என்று சுகந்தியிடம் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

இன்னும் அதே ஒரு நட்சத்திரம்தான். மணி வேண்டாமாம். “வாயிலயே டிரிங் டிரிங்னு சொல்லிக்கறேனுங்ப்பா” என்கிறாள்.

சாயங்காலக் கடையை சுகந்தி நன்றாகப் பார்க்கிறாள். ஒரு வாரத்தில் வாடிக்கையாளர்களின் பெயர்கூடத் தெரிந்துகொண்டாள். இன்று கடையிலிருந்து வந்தவள், கை கால் கழுவும்போது சொன்னாள்: “தாளவாடி பீன்ஸு வந்துதுங்க. கையில எடுத்தாலே பட்டுனு ஒடியுது. நாலு எட்டு தள்ளி நிக்கறவங்களுக்கே சத்தம் கேக்கும்போல.”

“நம்ம கடைச் சரக்குன்னா சும்மாவா?” என்றேன்.

நான் கழிசல் கூடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பையை அவள் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

ஜூன் 22, ஞாயிறு

தயிர்ச்சோறு. டானிக் குடித்துப் பல் கறுத்துவிட்டது.

ஜூன் 28, சனி

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடந்ததை எல்லாம் எழுதுங்கள் என்றுதான் டாக்டரம்மா சொன்னார்.

இன்று பள்ளியில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்துவிட்டாளாம். அது கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. காலையில் மிஞ்சிய முருங்கைக்கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்து உருட்டினேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். கன்னத்தை அழுத்தித் திறக்க வைத்து ஊட்டினேன். இரண்டாவது உருண்டையில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

அழவில்லை. அதுதான் என்னவோ செய்தது. தானே போய்த் தரைத்துணியை எடுத்துவந்து துடைத்தாள். “அப்பா கால்லயும் பட்டுடுச்சுங்ப்பா” என்று என் காலையும் துடைக்க வந்தாள்.

எழுந்து வெளியே போய்விட்டேன். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்கு முறை நடந்தேன்.

திரும்பி வந்தபோது சுகந்தி பிள்ளைக்குத் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் தட்டு வைத்தாள். முட்டைப் பொரியலைத் தொடாமல் மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

சுகந்தி சத்தியமங்கலத்தில் அவள் அக்கா வீட்டு விசேஷத்துக்கு நேற்றே போய்விட்டாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. விடிந்ததும் கடைக்குக் கூட்டிப்போனேன். பள்ளி நாட்களில் வர வழியில்லை, விடுமுறையில் வந்தாலும் மத்தியானம்தான் வருவாள். காலைக் கடையை அவள் பார்த்தது இன்றுதான்.

பக்கத்து ஊர்த் தோட்டத்திலிருந்து வெண்டைக்காய் இரண்டு மூட்டை வந்தது. விடியலில் பறித்தது, இன்னும் பனி ஈரம் காயவில்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். தபாலாபீஸ் கலாமணியம்மா முதல் ஆளாக வந்து, “பிஞ்சுதானா மகுடீஸ்வரா?” என்றார். அவர் எதிரில் ஒரு காயின் நுனியை ஒடித்துக் காட்டினேன். ஒடித்ததைத் தராசுப் பக்கம் வைத்துவிட்டு எடை போடத் திரும்பினேன்.

நறுக் நறுக் என்று சத்தம் கேட்டது. மிருதுளா அந்த வெண்டைக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். பச்சையாக. காம்பு மட்டும் கையில் மிச்சம். நான் பார்ப்பதைப் பார்த்ததும் பயந்துபோய்க் காம்பைப் பின்னால் மறைத்தாள்.

“இன்னொண்ணு எடுத்துக்கட்டுங்களாப்பா?”

“எடுத்துக்க கண்ணு. எடுத்துக்க.”

இரண்டாவதையும் தின்றாள். “இது என்ன காயிங்ப்பா?”

“வெண்டைக்கா. முந்தாநாள்கூட ஊட்ல செஞ்சமே.”

“அது இல்லீங்ப்பா. அது கருப்பா, நாரா, கொழகொழன்னு இருந்துச்சு.”

“ரெண்டும் ஒண்ணுதான் அம்மிணி.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு பொறுமையாக எனக்கு விளக்கினாள். “இது கடைக்காய்ப்பா. இது விக்கறது. நாம திங்கறது ஊட்டுக்காய். எனக்கு ஊட்டுக்காய்தான் புடிக்காது.”

கலாமணியம்மா சிரித்தார். “உம்புள்ள வெவரந்தான் மகுடீஸ்வரா” என்றார். அவர் கேட்டது ஒரு கிலோ. நான் இரண்டு கிலோவாக நிறுத்துப் போட்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று நினைவில்லை. இடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டாவது மூட்டையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். யாராவது என் கடையில் இப்படிப் பொறுக்கினால், “எல்லாம் ஒரே காய்தானுங், கிளறாதீங்க” என்று அதட்டுகிறவன் நான். மிருதுளா பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது யாருக்குங்ப்பா?”

“ஊட்டுக்கு.”

அவள் நம்பவில்லை. வீடு போய்ச் சேரும்வரை பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

மத்தியானம்: சோறு, வெண்டைக்காய்ப் பொரியல் இரண்டு கரண்டி. இரண்டு! நான் ஊட்டவில்லை. அவளே அள்ளிச் சாப்பிட்டாள்.

இரவு வந்த சுகந்திக்கும் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். சட்டென்று நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்தாள். அப்புறம் வேகமாகச் சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தில் மீதி இருந்ததையும் போட்டுக்கொண்டாள்.

“எப்படி இருக்குது?” என்றேன்.

“உப்புக் கொஞ்சம் கம்மி” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

ஜூலை 7, திங்கள்

என் அய்யன்தான் இந்தக் கடையை ஆரம்பித்தார். தலைச்சுமையாகக் காய் விற்று, பிறகு தரைக்கடை போட்டு, பிறகு இந்த இடத்தைப் பிடித்தார். நாங்கள் இரண்டு பையன்கள். எங்கள் வீட்டில் கழிசல்தான் குழம்பு, கழிசல்தான் பொரியல். நாலாவது படிக்கும்போது ஒரு நாள் கத்திரிக்காயில் புழு பாதி உடம்போடு கிடந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன். “அதைத் தூக்கி எறிஞ்சிட்டுத் தின்னுடா. நல்லதை நாம தின்னுட்டா யாவாரத்துக்கு என்னத்த வெக்கறது?” என்றார் அய்யன். அவர் சொன்னது அன்றைக்கு நியாயம். தின்றேன். பிறகு பின்கட்டில் போய்க் கக்கினேன்.

அதற்குப் பிறகு நான் காய் தின்றதில்லை. முப்பது வருடமாக முட்டை, தயிர், ஊறுகாய். காயைத் தொட்டே, நுனியை ஒடித்தே, தட்டிப் பார்த்தே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். ருசி எப்படி என்று யாராவது கேட்டால், “தேனுங்க” என்பேன். எல்லாக் காய்க்கும் அதையேதான் சொல்வேன்.

இன்று கடையில் அன்றைய சிரமம் இல்லை. எப்போதோ தீர்ந்துவிட்டது. கழிசல் கூடை மட்டும் பழக்கத்தில் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

எனக்கும் சுகந்திக்கும் திருமணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை காயை ஒதுக்குவது இந்தக் கூடையால்தான் என்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை பீன்ஸ் மூட்டை அவிழ்ந்ததும் முதலில் ஒரு பை நிறைய வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் கடையில் பரப்பினேன். கழிசல் கூடையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரவு: சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல் ஒரு கரண்டி.

ஜூலை 9, புதன்

பீர்க்கங்காய். வேண்டாம் என்றுவிட்டாள். நல்ல காய்தான். பிடிக்கவில்லையாம். சரி.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று பேரும் சேர்ந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். கேரட்டும் முட்டைக்கோசும் சேர்த்துப் பொரியல். மிருதுளா என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு ஏன் வெக்கலீங்ம்மா?”

சுகந்தி என்னைப் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். பதினோரு வருடமாக யார் வீட்டுக்குப் போனாலும், “அவருக்கு வயிறு சரியில்லைங்க” என்று எனக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகியவள்.

“அப்பாவுக்குக் காய் புடிக்காது அம்மிணி. சின்ன வயசுலருந்தே திங்கமாட்டேன்” என்றேன்.

மிருதுளாவுக்கு ஒரே ஆச்சரியம். “அப்பொறம் ஏனுங்ப்பா எனக்கு வாயப் புடிச்சுத் திணிச்சீங்க?”

“தப்புத்தான் கண்ணு.”

பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

அவள் தன் தட்டிலிருந்து ஒரே ஒரு கேரட் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். “இதுல புழுவே இல்லீங்ப்பா. கடைக்காய்தான்.”

புழுவைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை. வீட்டுக்காயில் அவளும் பார்த்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வாயில் போட்டு மென்றேன். தண்ணீர் குடித்து விழுங்கினேன். தாயும் மகளும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் மிருதுளா எழுந்து போய்ச் சுவரில் இருந்த அட்டையில் ஒரு நட்சத்திரம் வரைந்துவிட்டு வந்தாள்.

ஜூலை 17, வியாழன்

அய்யன் கடைக்கு வந்தார். கவுந்தப்பாடியில் அண்ணன் வீட்டில் இருக்கிறார், மாதம் ஒருமுறை பேருந்தேறி வந்து கடையைச் சுற்றிப் பார்ப்பார். எழுபத்திரண்டு வயதிலும் மூட்டையைத் தட்டிப் பார்த்தே எடை சொல்வார். அடியில் தனியாக வைத்திருந்த பையை இழுத்துத் திறந்தார். பிஞ்சுப் புடலங்காய்.

“இது யாருக்கு?”

“ஊட்டுக்குங் அய்யா.”

“முத்துனது இல்லையா? யாவாரத்துக்கு வந்ததுல மொதல்லயே நல்லதை ஊட்டுக்கு எடுத்து வெக்கறயா?”

ஆள் நடமாட்டமுள்ள நேரம். அந்தச் சமயம் பார்த்து மெஸ்காரர் வந்து, “அந்தப் பிஞ்சை எனக்குப் போடுங்க மகுடீஸ்வரன்” என்று பைக்குக் கை நீட்டினார். பெரிய வாடிக்கை. தினமும் எடுக்கிறவர்.

“அது என் புள்ளைக்குங்க. உங்களுக்கு இந்தக் குவியல்ல நல்லதாப் போடறேன்” என்று பையை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

மெஸ்காரர் சரி என்று குவியலிலிருந்து வாங்கிப் போனார். அய்யன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் நின்று பதினாறு வருடமாகக் காய் விற்கிறேன். இன்று விற்காமல் வைத்துக்கொண்டதில்தான் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஜூலை 23, புதன்

அவரைக்காய், கேரட், புடலங்காய், வெண்டைக்காய் சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரையைத் தேங்காய் போட்டு வதக்கினால் கொஞ்சம். பீர்க்கங்காயும் கத்திரிக்காயும் கிட்டே வரக்கூடாது. கத்திரிக்காய் எனக்கும்தான்.

ஜூலை 30, புதன்

பள்ளியில் இன்று இரண்டு மாடியும் ஓடி ஏறினாளாம். ஓடக் கூடாது என்று டீச்சர் திட்டியிருக்கிறார். சுகந்தி அலுவலகத்திலிருந்து போன் செய்து, டீச்சர் திட்டியதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆகஸ்ட் 2, சனி

பத்து புள்ளி நான்கு.

டாக்டரம்மா சீட்டை இரண்டு முறை பார்த்தார். இன்னும் ஏற வேண்டும், டானிக்கை நிறுத்தக் கூடாது என்றார். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதில்லை. இந்த டைரியை வாங்கிப் புரட்டினார். ஜூலை 6 வந்ததும் நிறுத்தி, முழுதாகப் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“என்ன சாப்பிடறே மிருதுளா?”

“கடைக்காயிங் டாக்டர்.”

“எந்தக் கடை?”

“மகுடீஸ்வரன் கடைங்க. மார்க்கெட்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றாள் என் மகள்.

இன்றிரவு பெரிதாக எதுவும் எழுதத் தோன்றவில்லை. பத்து புள்ளி நான்கு. பத்து புள்ளி நான்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அய்யனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். கடையில் நடந்ததற்குப் பிறகு வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வந்தார். பேத்திக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காலையில் வந்த அவரைக்காயை நானே ஆய்ந்து பொரியல் செய்தேன். சாம்பார், வடை, பாயசம் சுகந்தி. மிருதுளா தானே பரிமாறுவதாகப் பிடிவாதம் பிடித்தாள். அய்யன் தட்டில் ஒரு கரண்டி அவரைக்காய் வைத்தாள்.

அய்யன் உடனே சாப்பிடவில்லை. ஒவ்வொரு துண்டாக விரலால் புரட்டிப் பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். புழு இருக்கும், கறுப்பு இருக்கும், ஒதுக்கிவிட்டுத்தான் தின்ன வேண்டும். ஒரு சுற்றுப் புரட்டினார். ஒதுக்க ஒன்றும் இல்லை. மறுபடி புரட்டினார். பிறகு வாயில் போட்டார்.

மென்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் மென்றார்.

“இது எங்க வாங்குனது?”

“நம்ம கடைதானுங் அய்யா. காத்தால வந்தது.”

இன்னொரு வாய் எடுத்தார். தலை நிமிரவில்லை. “அவரைக்கா இப்பிடியாடா இருக்கும்?” என்றார்.

நாற்பத்தைந்து வருடம் காய் விற்றவர். சுகந்தி சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மிருதுளாதான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா அப்பாரு?”

அய்யன் தட்டை நீட்டினார். ஒரு கரண்டி வைத்தாள். அவர் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். பாத்திரத்தைச் சாய்த்து அடியில் இருந்ததையும் வழித்து வைத்தாள்.

கடைசியாக நான் சாப்பிட உட்கார்ந்தபோது பொரியல் தீர்ந்துபோயிருந்தது. சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டேன். அவரைக்காய் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று இருந்தது.